துவர்ப்பைப் பிடித்தால் ரெட் ஒயின் பிடிபடும்

ரெட் ஒயினை முதன்முதலாகக் குடிப்பவர்கள் பலரும் ஏமாந்துதான் போகிறார்கள். திராட்சையில் செய்தது, பார்க்கவும் திராட்சை ஜூஸ் மாதிரியே இருக்கிறது, அப்படியானால் இனிக்கும் என்று நினைத்து ஒரு மடக்கு விழுங்குவார்கள். இனிப்பு இருக்காது. நாக்கு வறண்டுபோகும், மேலுதடு ஈறோடு ஒட்டிக்கொள்ளும், கன்னத்தின் உட்புறத்தை யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்ட மாதிரி இருக்கும். ‘இதுக்கா இவ்வளவு பேச்சு?’ என்று கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள். நானும் அப்படி வைத்தவன்தான். அன்று நான் குடித்தது நல்ல ஒயின் என்பதும், தப்பு என் தட்டில் இருந்தது என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அந்த வறட்சிக்குத் தமிழில் தயாராக ஒரு சொல் இருக்கிறது: துவர்ப்பு. ஆங்கிலத்தில் ஒயின் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் புரியவைக்க உவமை தேடி அலைவார்கள். நமக்கோ அறுசுவையில் ஒன்றாகச் சின்ன வயதிலேயே அது மனப்பாடம் ஆகிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், உடலியல் கணக்கில் துவர்ப்பு சுவையே கிடையாது. நாக்கின் சுவைமொட்டுகளுக்கு அதில் பெரிய பங்கில்லை; வாய் முழுக்கத் தொட்டு உணர்கிற விஷயம் அது. கார்ப்பும் அப்படித்தான், அது எரிச்சல். இந்த இரண்டும் ஒரே வாயில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருவோம்.

துவர்ப்பு எப்படி வருகிறது? நம் எச்சிலில் வழவழப்புக்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. திராட்சைத் தோலிலும் விதையிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. டானின் புரதத்தைக் கண்டால் விடாது, ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். எச்சிலின் வழவழப்பு போனதும் நாக்கு மேலண்ணத்தில் உரசுகிறது. அதைத்தான் துவர்க்கிறது என்கிறோம். மரப்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டுத் தோல் பதனிடுவதும் இதே வேலைதான். டானின் என்ற பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்ததுதான்.

இதை டீயில் சோதித்துப் பார்க்கலாம், ஒயினே தேவையில்லை. டீத்தூளைக் கொதிநீரில் போட்டுப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். சர்க்கரை போடாமல் ஒரு வாய் குடியுங்கள். வாய் இழுத்துக்கொள்ளும். இப்போது அதே டம்ளரில் கொஞ்சம் பால் ஊற்றி மறுபடி குடியுங்கள். நன்றாகவே அடங்கியிருக்கும். டீயின் டானின் எங்கும் போய்விடவில்லை. பாலின் புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது, உங்கள் எச்சில் தப்பித்தது. கனமான ரெட் ஒயினோடு எதைச் சாப்பிடலாம் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த டம்ளரிலேயே இருக்கிறது. ஒயினில் யாரும் பால் ஊற்றுவதில்லை. அதனால் பாலின் வேலையைத் தட்டில் இருப்பது செய்தாக வேண்டும்.

‘கனம்’ என்றால் என்ன?

புட்டியின் பின்பக்கத்தில் ‘ஃபுல் பாடி’, ‘போல்ட்’ என்றெல்லாம் போட்டிருப்பார்கள். வாயில் வைத்தால் தண்ணீர் மாதிரி ஓடாமல் கெட்டியாகத் தங்கும் ஒயின் என்று அதற்குப் பொருள். இந்தக் கனத்துக்குக் காரணம் ஒன்றில்லை. டானின் ஒன்று, ஆல்கஹால் இன்னொன்று, பழச்சாரம் மூன்றாவது.

கறுப்புத் திராட்சை ஒன்றை எடுத்து உரித்துப் பாருங்கள். பெரும்பாலான வகைகளில் உள்ளே இருக்கும் சதை வெளிறித்தான் இருக்கும். நிறமெல்லாம் தோலில். அதனால் ரெட் ஒயின் செய்யும்போது சாற்றை மட்டும் பிழிந்து எடுத்துவிடாமல் தோலும் விதையுமாகச் சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். வழக்கமாக ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை இந்த ஊறல் நடக்கும். நிறமும் டானினும் அப்போதுதான் இறங்குகின்றன. வெள்ளை ஒயினில் தோலை முதலிலேயே ஒதுக்கிவிடுவதால் அதில் துவர்ப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. கனமான ரெட் ஒயினை அதற்கப்புறம் ஓக் மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் வைப்பார்கள். பிரான்சின் போர்தோ பகுதியில் புழங்கும் பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும், அதாவது 300 புட்டிகள். பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டியிருப்பார்கள். வனிலா, புகை, வறுத்த கொட்டை வாசனையெல்லாம் பெரும்பாலும் இந்த மரத்திலிருந்து வருவதுதான். மரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் டானின் தரும்.

ஆல்கஹால் விஷயம் நேரடியானது. வெயில் அதிகமானால் திராட்சையில் சர்க்கரை ஏறும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும். கனமான ரெட் ஒயின்கள் பெரும்பாலும் 13.5-லிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்கும். சும்மா எண்தானே என்று விட்டுவிடாதீர்கள். 12 சதவீத ஒயினைவிட 14.5 சதவீத ஒயினில், ஒரே அளவு கிளாஸுக்கு, ஆல்கஹால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சை நம்பி யாரும் தொடங்க வேண்டாம். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்பதுதான் 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. குடிப்பதானால் ருசிக்காகக் குடியுங்கள், கொஞ்சமாகக் குடியுங்கள்.

கிளாஸைச் சுழற்றினால் பக்கவாட்டில் கண்ணீர் மாதிரி கோடு கோடாக இறங்குமே, அதைப் பார்த்து ‘நல்ல ஒயின்’ என்று தலையாட்டுபவர்கள் உண்டு. ஆல்கஹால் ஆவியாகும் வேகத்துக்கும் தண்ணீரின் பரப்பு இழுவிசைக்கும் நடக்கும் இழுபறி அது. ஜேம்ஸ் தாம்சன் என்பவர் 1855-லேயே விளக்கிவிட்டார். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நிறத்தை வைத்தும் கனத்தை எடைபோட்டுவிட முடியாது. இத்தாலியின் பரோலோ ஒயின் நெபியோலோ என்ற திராட்சையில் செய்வது. கிளாஸில் பார்த்தால் வெளிறிய செங்கல் நிறத்தில், ‘இது என்ன செய்துவிடப்போகிறது’ என்கிற மாதிரி இருக்கும். குடித்தால் வாயைக் கட்டிவிடும். விற்பனைக்கு வருவதற்கு முன் அதைக் குறைந்தது 38 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

கேபர்நே சாவின்யோன்

கனமான ரெட் ஒயினுக்கு ஒரே ஒரு உதாரணம் சொல் என்றால் கேபர்நே சாவின்யோனைத்தான் சொல்வேன். உலகத்தில் மிக அதிகமாகப் பயிராகும் ஒயின் திராட்சைகளில் ஒன்று. பழம் சின்னது, தோல் தடிப்பு, சதையோடு ஒப்பிட்டால் விதை அதிகம். டானின் எங்கெங்கே இருக்கும் என்று மேலே பார்த்தோமோ அதெல்லாம் இதில் கூடுதல், சாறு மட்டும் குறைவு. பிறகு துவர்க்காமல் என்ன செய்யும்?

இதன் பூர்வீகம் பிரான்சின் தென்மேற்கு. பெற்றோர் யார் என்று ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. 1997-இல் அமெரிக்காவின் டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜான் பவர்ஸும் கேரல் மெரிடித்தும் மரபணுவைச் சோதித்து வெளியிட்டார்கள்: ஒரு பக்கம் கேபர்நே ஃபிரான் என்ற கறுப்புத் திராட்சை, இன்னொரு பக்கம் சாவின்யோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சை. பெயரிலேயே பதில் இருந்திருக்கிறது, பாருங்கள். இத்தனை முரட்டு ஒயினுக்கு ஒரு வெள்ளைத் திராட்சை பெற்றோர் என்பது பலருக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

வாசனை எப்படி இருக்கும்? முதலில் பிளாக்கரன்ட் பழம். அப்புறம் பென்சில் சீவும்போது வருமே, அந்த மரவாசனை. கொஞ்சம் புதினா. குளிரான இடத்தில், பழம் சரியாகப் பழுக்காத வருடத்தில், பச்சைக் குடைமிளகாயை நறுக்கின வாசனை மூக்கில் ஏறும். அது கற்பனையில்லை, குடைமிளகாயில் இருக்கும் பைரசின் வகைப் பொருளேதான் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. வெயில் பட்டுப் பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடும். அதனால்தான் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு மாதிரி வெயில் அதிகமான இடத்து ஒயினில் பழவாசனை முன்னால் நிற்கும், போர்தோ ஒயினில் பச்சிலையும் மரமும் எட்டிப் பார்க்கும்.

போர்தோக்காரர்கள் இதைத் தனியாக விடுவது அபூர்வம். மெர்லோ என்ற சதைப்பற்றான திராட்சையைக் கலப்பார்கள். கேபர்நே எலும்புக்கூடு என்றால் மெர்லோ சதை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்தக் கலவையை அல்லது மால்பெக் என்ற திராட்சையில் செய்த ஒயினைத்தான் நான் சொல்வேன். தனி கேபர்நேயை இளசாகத் திறந்து முதல் நாளே குடிப்பது, நீச்சல் தெரியாதவரை ஆழத்தில் தள்ளுகிற மாதிரி.

மால்பெக்கும் பிரான்சில் பிறந்ததுதான். ஆனால் வாழ்வு கிடைத்தது அர்ஜென்டினாவில். 1853-இல் மிஷேல் எமே பூஷே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் மூலம் அங்கே போய்ச் சேர்ந்தது. மெண்டோசாவில் ஆண்டிஸ் மலையடிவாரத்தில், கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலேயும் தோட்டங்கள் உண்டு. பகலில் சுள்ளென்று வெயில், இரவில் குளிர். பழம் நன்றாகப் பழுக்கும், புளிப்பும் கரைந்துபோகாது. நிறம் கரும்ஊதா, டானின் இருக்கும், ஆனால் கேபர்நே மாதிரி கடிக்காது.

சிரா, அதாவது ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்று அழைக்கப்படுவது, மிளகு வாசனைக்குப் பேர்போனது. மிளகில் இருக்கும் ரொட்டண்டோன் என்ற பொருளேதான் இதிலும் இருக்கிறது என்பதை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். துவர்ப்பின் எல்லை எதுவரை என்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு டன்னா என்ற திராட்சை இருக்கிறது. பிரான்சின் மதிரான் பகுதியிலும் உருகுவேயிலும் விளைகிறது. முதல் புட்டியாக அதை வாங்க வேண்டாம்.

தட்டில் என்ன வைப்பது?

‘ரெட் ஒயினுக்கு இறைச்சி, வெள்ளை ஒயினுக்கு மீன்’ என்று ஒரு வாய்ப்பாடு எல்லோரும் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தால் கோழியும் காளானும் வரும்போது முழிக்க வேண்டிவரும். டீயில் ஊற்றிய பாலை நினைத்துக்கொண்டால் போதும். டானினுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது புரதம் வேண்டும். வாயைப் பூசிக்கொள்ள கொஞ்சம் கொழுப்பு வேண்டும். கசப்பைத் தணிக்க உப்பு வேண்டும். இந்த மூன்றும் தட்டில் இருந்தால் ஒயின் மென்மையாகிவிடும்.

சோதனைக்கு நன்றாக முதிர்ந்த, கெட்டியான சீஸ் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், பார்மசான் மாதிரி, அல்லது ஒரு வருடத்துக்கு மேல் வைத்த செடார். முதலில் வெறும் ஒயினை ஒரு வாய் குடித்து, வாயில் எங்கே இழுக்கிறது என்று கவனியுங்கள். கீழ்ப்பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் தெரியும். இப்போது சீஸை நன்றாக மென்று, வாயில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த வாய் குடியுங்கள். துவர்ப்பு இறங்கியிருக்கும். அதன் பின்னால் மறைந்திருந்த பழம் முன்னால் வந்திருக்கும். அதே புட்டிதான், அதே கிளாஸ்தான். எனக்கு முதல் தடவை இது நடந்தபோது புட்டியை மாற்றிவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

கொழுப்பு ஓடிய மாட்டிறைச்சி ஸ்டேக்கும் கேபர்நேயும் ஜோடி என்று உலகமே சொல்வதற்கு இதுதான் காரணம். இறைச்சி வாயை எண்ணெயால் பூசும். ஒரு மடக்கு ஒயின் அதைத் துடைத்துவிடும். அடுத்த துண்டு முதல் துண்டு மாதிரியே ருசிக்கும். இரண்டு பக்கமும் லாபம். இன்னொன்றும் இருக்கிறது. தணலில் சுட்ட இறைச்சியின் மேல்தோல் கருகி லேசாகக் கசக்கும், புகை வாசனையும் வரும். தீயில் வாட்டிய பீப்பாயில் கிடந்த ஒயினிலும் அதே சாயல் இருப்பதால் இரண்டும் பழகிக்கொள்கின்றன. அர்ஜென்டினாவில் அசாதோ என்ற தணல் விருந்தும் மால்பெக்கும் பிரியாமல் இருப்பது இதனால்தான். கேபர்நேக்குப் பேர்போன போர்தோவின் போயாக் ஊர், ஆட்டுக்குட்டி இறைச்சிக்கும் பேர்போனது. சேர்ந்து விளைந்தவை சேர்ந்து ருசிக்கும் என்பார்கள். எப்போதும் உண்மையில்லை, இங்கே உண்மை.

சமைக்கும் விதம் இறைச்சியின் வகையைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேகவைத்த கோழி மார்பை கேபர்நே நசுக்கிவிடும். அதே கோழியின் தொடையை வெண்ணெயும் காளானும் போட்டு நிறம் மாறும்வரை வறுத்தால் ஒரு மால்பெக்குக்கு ஈடுகொடுக்கும். மெதுவாக மூன்று மணி நேரம் வெந்து, குழைந்து, சாறு கெட்டியான ஸ்ட்யூ எதுவாக இருந்தாலும் கனமான ஒயின் கைகொடுக்கும்.

இறைச்சி சாப்பிடாதவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. ஆலிவ் எண்ணெய் தடவித் தணலில் சுட்ட கத்தரிக்காய், வெண்ணெயில் வறுத்த காளான், மேலே சீஸ் உருக்கிய பேக் செய்த பாஸ்தா, நீர் வற்றச் சமைத்த கறுப்பு பீன்ஸ் எல்லாம் பொருந்தும். காளானில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அதில் இருக்கும் உமாமி, அதாவது அந்த இறைச்சிச்சாறு மாதிரியான ருசி, ஒயினின் கசப்பைத் தூக்கிக் காட்டும். உப்பு சரியாக விழுந்தால் அது அடங்கிவிடும். சாப்பாட்டோடு ஒயின் கடுமையாகத் தெரிந்தால் நான் முதலில் தேடுவது வேறு புட்டியை இல்லை, உப்பை. ஒரு சிட்டிகை உப்பும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் தட்டில் விழுந்ததும் ஒயினின் கடுமை குறைவதை உடனே உணரலாம்.

எதெல்லாம் ஒத்துவராது?

மிளகாய். கார்ப்பும் துவர்ப்பும் சந்தித்தால் என்ன ஆகும் என்று கேட்டோமே, வாய் பற்றி எரியும். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருள், வாயில் சூட்டை உணரும் நரம்பு உணர்விகளைத் தட்டி எழுப்புகிறது. ஆல்கஹாலும் அதே உணர்விகளைத்தான் தட்டுகிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வழக்கமாக 42 டிகிரி சூட்டில் விழித்துக்கொள்ளும் அந்த உணர்வி, ஆல்கஹால் பட்டால் சுமார் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது. உடம்புச் சூடே 37. அப்புறம் காரச் சாப்பாட்டோடு 14.5 சதவீத ஒயின் எப்படிச் சரிப்படும்? எரிச்சல் ஏறும், பழம் மறைந்துவிடும், துவர்ப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சும். ஆரம்பத்தில் தப்பு என் தட்டில் இருந்தது என்றேனே, இதுதான் அது. மிளகு அப்படியில்லை. மிளகு தூவிய இறைச்சியும் சிராவும் ஒரே வாசனைக்காரர்கள். அளவோடு இருந்தால் அருமையாகப் போகும்.

மீனோடு குடித்தால் வாயில் இரும்புத் துண்டைக் கடித்த மாதிரி, கூடவே பழைய மீன் வாடை. டானின்தான் குற்றவாளி என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் வேறு ஆளைப் பிடித்தார்கள்: ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து. அது மீனின் கொழுப்போடு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்புகிறது. ஆக, இரும்பு குறைவான ரெட் ஒயின் மீனோடு தொல்லை கொடுக்காமலும் போகலாம். ஆனால் புட்டியில் இரும்பின் அளவை யாரும் அச்சடிப்பதில்லை.

இனிப்பும் வேண்டாம். கேக் சாப்பிட்ட வாயில் ரெட் ஒயின் புளித்துப்போன மாதிரி தெரியும். டார்க் சாக்லேட்டும் ரெட் ஒயினும் ஜோடி என்று விளம்பரங்களில் அழகாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது இரண்டு துவர்ப்பு ஒன்றோடொன்று சண்டை போடுவதாகத்தான் படுகிறது. சாக்லேட்டுக்கு இனிப்பான போர்ட் ஒயின் இருக்கிறதே. வினிகர் ஊற்றிய சாலட் பக்கம் போகவே வேண்டாம்.

திறப்பதும் ஊற்றுவதும்

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு, குளிர்காலத்தில் சூடேற்றும் வசதி இல்லாத பழைய ஐரோப்பிய வீடுகளின் அறையை வைத்து வந்தது. 16-லிருந்து 18 டிகிரிதான் இலக்கு. 28 டிகிரி அறையில் கிடந்த புட்டியை அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், பழம் ஜாம் மாதிரி கொழகொழத்துவிடும். குடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும். மறந்துபோய் ரொம்பக் குளிர்ந்துவிட்டால் துவர்ப்பு இன்னும் கூர்மையாகும். உள்ளங்கையில் கிளாஸைப் பிடித்துச் சூடேற்றிக்கொள்ளலாம்.

இளசான கேபர்நேயைக் காற்றாட விடுவது நல்லது. கார்க்கை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. புட்டியின் கழுத்தில் காற்று படும் இடம் ஒரு காசு அகலம்தான். டிகாண்டரில், இல்லையென்றால் வாய் அகலமான கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். வாசனை விரியும். ரொம்ப வயதான ஒயினுக்கு இது வேறு கணக்கு. வருடங்கள் ஓட ஓட டானினும் நிறமும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, அடியில் வண்டலாகப் படியும். துவர்ப்பு மென்மையாவதில் அதற்கும் பங்குண்டு. அந்த வண்டல் கிளாஸில் விழாமல் தெளிவை மட்டும் மெதுவாக வடித்தால் போதும், நேரம் கடத்தினால் இருக்கும் வாசனையும் பறந்துவிடும்.

புட்டி மிஞ்சினால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். முரட்டு ஒயின் சிலது முதல் நாளைவிட இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருப்பதுண்டு. ஐந்தாம் நாள் வினிகர் வாடை லேசாகத் தலைகாட்டினால் நான் அதைக் குடிப்பதில்லை.